ஜெர்மன் படித்துவிட்டு நார்வே வந்த தம்பிக்கு

தம்பி, "ஜெர்மன் ஏ2 நிலை முடித்திருந்தேன், வேலை கிடைத்தது பெர்கனில், படித்ததெல்லாம் வீணா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் கைகொடுக்கும். வானத்தைப் பார்க்கும்போது கைவிட்டுவிடும்.

நான் வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை வானிலைச் செயலியில் 'ஸ்கை' என்று தொடங்கும் ஒரு சொல்லைப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகள் அப்படியே இருந்தன. வானம் வெளுத்திருக்கிறது என்று நினைத்து, சீட்டு வாங்கி, மலை ரயிலில் ஃப்ளோயன் உச்சிக்குப் போனேன். மேலே இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஒரே வெள்ளை. ஊரும் இல்லை, கடலும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மேகமூட்டம்!

இங்கே அந்த 'ஸ்கை'தான் மேகம். உச்சரிப்பு வேறு: நாக்கை 'ஷீ'க்கு வைத்துக்கொண்டு உதட்டை 'ஷூ' போலக் குவியுங்கள், வந்துவிடும். ஆங்கிலேயர்தான் இந்தச் சொல்லை நார்ஸிலிருந்து, அதாவது இந்தப் பக்கத்துப் பழைய மொழியிலிருந்து, கடன் வாங்கி, பிறகு வானமாக்கிவிட்டார்கள். நீங்கள் பெங்களூரில் இருந்தவர், நம் முகில் அங்கே 'முகிலு'வாகி வானத்தையும் குறிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான். ஆங்கிலத்தின் 'கிளவுட்' இன்னும் வேடிக்கை, பழைய ஆங்கிலத்தில் அது பாறை, குன்று.

ஜெர்மன்காரருக்கு மேகம் 'வோல்க', டச்சுக்காரருக்கு 'வோல்க்'. டென்மார்க்கும் ஐஸ்லாந்தும் நம் பக்கம். ஸ்வீடன்காரர் மட்டும் 'மோல்ன்' என்று தனியாகப் போய்விட்டார், ஆனால் வானளாவும் கட்டடத்துக்கு அவரும் 'ஸ்கை'யைத்தான் வைத்திருக்கிறார். ஜெர்மனில் அதே கட்டடம் 'வோல்கன்கிராட்சர்'. அங்கேயும் இங்கேயும் அது மேகத்தைத்தான் சுரண்டுகிறது.

கடையில் ஜெர்மன் உதவும் என்றேனே, அதற்கும் காரணம் பெர்கனிலேயே இருக்கிறது. துறைமுகத்து மர வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், பிரிக்கன். வட ஜெர்மனியின் ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே உட்கார்ந்து கருவாடு வாங்கி விற்றார்கள். அவர்கள் பேசிய கீழ் ஜெர்மன் சொற்கள் நார்வே மொழியில் ஏகத்துக்கும் கலந்துவிட்டன. பணம் கட்டுவதற்கு நீங்கள் படித்தது 'பெட்சாலன்', இங்கே 'பெத்தாலெ'. இப்படி நிறைய வரும். இன்னொரு நல்ல செய்தி, வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவர்கள், எல்லாருக்கும் ஒரே வடிவம். அப்புறம் ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் அந்த டேர், டீ, தாஸ் தொல்லை: பெர்கன்காரர் பேச்சில் மூன்று பால் கிடையாது, இரண்டுதான்.

மழைக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் 'ரேகன்' இங்கே 'ரைன்', காதில் ஆங்கிலம் போலவே விழும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர், இந்தச் சொல்லைப் படிக்கப் புத்தகமே வேண்டாம்.