சூடானதும் நின்றுவிடும் யெஸ்டி: என்ஜினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் இரண்டே உதையில் கிளம்புகிறது. எட்டுப் பத்து கிலோமீட்டர் போனதும், குறிப்பாகச் சிறுமலை ஏற்றத்தில், விட்டு விட்டு இழுத்து நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் நிழலில் நிறுத்தினால் எதுவும் நடக்காததுபோல மறுபடியும் கிளம்புகிறது. மூன்று பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. என்ஜினைப் பிரித்து, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ‘போர்’ செய்யவேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: இப்போதைக்கு என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்புறமும் தேய்ந்திருந்தால் ஆறிய நிலையிலும் இழுவை குறைவாகத்தான் இருக்கும். காலையில் இரண்டு உதையில் கிளம்பாது. உங்கள் வண்டி ஆறியதும் முழு பலத்தோடு ஓடுகிறது. சூட்டில் கெட்டு, ஆறினால் சரியாகும் ஏதோ ஒரு பாகம் இதில் இருக்கிறது. என் சந்தேகம், பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பில் முதலில் கண்டன்சர் மீதும், அடுத்து இக்னிஷன் காயில் மீதும் போகிறது. ஆனால் சந்தேகத்தை நம்பி இவற்றையும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். மூன்று பிளக்குகள் மாறியது அப்படித்தான்.

இந்தப் பழுது பட்டறையில் பிடிபடாமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அது ஆறிவிடுகிறது. அங்கே பிளக்கைக் கழற்றி உதைத்தால் நல்ல நீலத் தீப்பொறி வருகிறது. ஆகவே ‘கரண்ட் சரியாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிட்டு எல்லோரும் கார்புரேட்டர் பக்கம் போய்விடுகிறார்கள். நீங்கள் நிழலில் உட்கார்ந்து வீணாக்கும் அந்த இருபது நிமிடம்தான் சோதனைக்கான நேரம். அடுத்த முறை கிளம்பும்போது நன்றாக வேலை செய்யும் பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், இரண்டு வயர் பற்றவைத்த 6 வோல்ட் பல்பு, ஒரு துண்டு மொடமொடப்பான சுத்தமான அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உதவிக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வண்டி எப்படி நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். வண்டியே பிடித்து நிறுத்துவதுபோல் பின்சக்கரம் இறுகி, நின்ற பிறகு கிக்கரை அழுத்தினால் கனமாக இருந்தால் அது பிஸ்டன் சூட்டில் பிடிப்பது. அப்படியானால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பலம் மெல்லக் குறைந்து, நின்ற சில நொடிகளிலேயே மறுபடியும் கொஞ்சம் ஓடி நின்றால் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது என்று பொருள். ‘விட்டு விட்டு இழுத்து’ என்று நீங்கள் எழுதியிருப்பது, ஒரு சுற்றில் பொறி வந்து அடுத்த சுற்றில் வராமல் போவதைப்போல் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால் 4,000 பொறிகள். நடுவே சில நூறு தவறினாலே ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

நின்றவுடன் முதலில் செய்யவேண்டியது: என்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்றாதீர்கள். பிளக் கேப்பை மட்டும் உருவி, கையிலுள்ள பிளக்கில் மாட்டி, அதன் உடலைச் சிலிண்டர் ஹெட்டில் நன்றாக ஒட்டவைத்துக் கிக்கரை உதையுங்கள். இப்படிச் செய்தால் நேரம் மிச்சமாகும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்து பொறியில் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. உடலால் நிழல் ஏற்படுத்திப் பாருங்கள். நீலமாக, தடிப்பாக, ‘டிக்’ என்று ஒலியோடு வந்தால் பொறி நன்றாக இருக்கிறது. மெல்லிய நூல்போல, ஆரஞ்சு நிறத்தில், சில உதைகளுக்கு மட்டும் வந்தால் அது போதாது. திறந்த வெளியில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது பொறிக்கு எளிது. சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றின் நடுவே தாண்ட அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியிலேயே தள்ளாடும் பொறி உள்ளே தோற்றுவிடும்.

பொறி நன்றாக இருந்தால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியோடு உங்கள் பிரச்சினை முடிந்தது. பத்துக் கிலோமீட்டரில் நின்று, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும் இன்னொரு பழுது இதுதான் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

பொறி மெலிந்திருந்தால் வலப்பக்கம் டைனமோ மூடியைக் கழற்றுங்கள். அடுத்துப் பார்க்கவேண்டிய பாயின்ட்டும் கண்டன்சரும் இந்த மூடிக்குள்தான் இருக்கின்றன.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் பழுதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பாயின்ட் என்பது என்ஜின் சுற்றும்போது திறந்து மூடும் ஒரு சிறு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது பேட்டரியின் கரண்ட் காயிலின் முதல் கம்பிச் சுற்றில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் இரண்டாம் கம்பிச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டாக மாறிப் பிளக்குக்குப் போகிறது. இதில் ‘சட்டென்று’ என்பதுதான் முக்கியம். பாயின்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அந்த இடைவெளியிலேயே தாவி எரியப் பார்க்கும். எரிந்தால் புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் பொறி செத்துவிடும். அப்படித் தாவாமல் அந்தக் கரண்ட்டை ஒரு கணம் தன்னிடம் வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. விரல் நுனி அளவுள்ள உலோகக் குப்பிக்குள் மெல்லிய தகடும் காப்புத் தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. யெஸ்டியில் அது என்ஜினை ஒட்டியே, டைனமோவோடு சேர்ந்து சூட்டில் வேகிறது. வயதான காப்பு சூட்டில் கசியத் தொடங்கும். ஆறினால் மறுபடியும் தாங்கும்.

ஆகவே சாவியைப் போட்டுவிட்டு, உதவிக்கு வந்தவரை உதைக்கச் சொல்லி, பாயின்ட்டைக் கூர்ந்து பாருங்கள். சிறு பொட்டுப்போல ஒரு பொறி வருவது இயல்பு. வெளிச்சமாக, நீலமும் வெள்ளையுமாகப் பளிச் பளிச்சென்று பாயின்ட்டே எரிந்து, அதே நேரம் பிளக்கில் மெலிந்த பொறி வந்தால் கண்டன்சர்தான் குற்றவாளி. பாயின்ட்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

பாயின்ட்டில் பொறியே இல்லை, பிளக்கிலும் இல்லை என்றால் கரண்ட் வந்து சேரவில்லை. பல்பின் ஒரு வயரை எர்த்திலும் (வண்டியின் உலோக உடல்) மற்றதைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலும் வையுங்கள். எரியாவிட்டால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி முனை என்று பின்னோக்கிப் போகலாம். மங்கலாக எரிந்தாலும் விடாதீர்கள். 6 வோல்ட் வண்டியில் துருப்பிடித்த இணைப்பு அரை வோல்ட்டைத் தின்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். 12 வோல்ட் வண்டியில் அதே இழப்பு பாதி அளவுதான் வலிக்கும். இந்த வண்டிகளில் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ததால் மட்டுமே சரியானவை பல.

முனையில் பல்பு நன்றாக எரிந்தும் பாயின்ட்டில் பொறி இல்லையா? பாயின்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கலாம். மூடிய பாயின்ட்டுக்கிடையே அட்டையைச் செருகி இழுங்கள். கறுப்பாக வந்தால் சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். சில நாளிலேயே மறுபடியும் எண்ணெய் சேர்ந்தால் பாயின்ட்டைத் திறக்கும் கேம்மில் கிரீஸ் அதிகம், அல்லது அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. சீல் போனால் காற்றும் உள்ளே இழுபட்டு என்ஜின் சூடேறும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தச் சோதனைகளின்போது ஒரு எச்சரிக்கை. பாயின்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருக்க, சாவியை அப்படியே போட்டு வைக்காதீர்கள். காயிலில் இடைவிடாமல் கரண்ட் பாய்ந்து அது வெந்துவிடும். நல்ல காயிலை இப்படிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி காயில். பாயின்ட்டில் இயல்பான சிறு பொறி, பிளக்கில் மட்டும் உயிரில்லை என்றால் முதலில் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, வயரின் நுனியை ஹெட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளிக் காப்புள்ள இடுக்கியால் பிடித்துச் சோதியுங்கள். பொறி பலமாகத் தாவினால் கெட்டது கேப். தாவாவிட்டால் காயிலின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, முனைகளில் நீர் படாமல் சில நிமிடம் குளிரவிட்டுப் பாருங்கள். கண்டன்சர் இன்னும் சூடாகவே இருக்கும்போது, காயில் மட்டும் குளிர்ந்து பொறி திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. மாற்றுக் காயில் வாங்கும்போது 6 வோல்ட் காயில்தானா என்று உறுதி செய்யுங்கள். 12 வோல்ட் காயிலின் முதல் கம்பிச் சுற்றில் தடை அதிகம். உங்கள் பேட்டரியால் அதில் போதுமான கரண்ட்டைச் செலுத்த முடியாது.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அதில் பாயின்ட்டும் கண்டன்சரும் கிடையாது, பொறியை எலெக்ட்ரானிக் யூனிட் ஒன்று உண்டாக்கும் சிடிஐ முறை. அங்கே சூட்டில் கெடுவது பெரும்பாலும் மேக்னெட்டுக்குள் இருக்கும், சிடிஐக்குக் கரண்ட் தரும் சோர்ஸ் காயில் அல்லது பொறி வரவேண்டிய நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில். ஆறிய நிலையில் ஓம் மீட்டரில் அளவெடுத்து வைத்துக்கொண்டு, வண்டி நின்ற உடனே மறுபடியும் அளந்தால் வித்தியாசம் தெரியும். சூட்டில் அளவு கொஞ்சம் ஏறுவது இயல்பு. சுற்று அறுந்ததாகக் காட்டினால் பழுது. யெஸ்டியில் சாவி கரண்ட்டைக் கொடுக்கிறது. அதிலோ சாவியை அணைத்தால் சிடிஐ எர்த் ஆகிறது. ஆகவே சாவிக்குப் போகும் அந்த வயரைப் பிரித்துவிட்டு உதைத்துப் பாருங்கள், பொறி வந்தால் பழுது சாவியில். ஒன்றை மறக்கக் கூடாது: சிடிஐ வண்டியில் பிளக் வயரை எர்த்தில்லாமல் அந்தரத்தில் விட்டு உதைத்தால் யூனிட்டே கெடலாம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். கண்டன்சர் என்று முடிவானால், கடைக்காரர் தூசி தட்டிக் கொடுக்கும் ‘ஒரிஜினல்’ டப்பாவை நம்பி நிம்மதி அடையாதீர்கள். யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்தக் காலத்துச் சரக்கு என்றால் அலமாரியிலேயே கெட்டிருக்கலாம். காப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஒன்றை வாங்கி மாட்டி, புதியதுதானே என்று அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரம் நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். என் யோசனை, பாயின்ட் வைத்த பழைய அம்பாசடர் போன்ற கார்களுக்கான கண்டன்சர் ஒன்றை வாங்கி வெளியே பொருத்துவது. 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் அளவுள்ளது போதும். அதன் உடலைச் சுத்தமான எர்த்தில் இறுக்கி, வயரைப் பாயின்ட்டிலிருந்து காயிலுக்குப் போகும் இணைப்பில் சேருங்கள். என்ஜின் சூடு படாத இடமாகப் பாருங்கள். பழைய கண்டன்சரின் இணைப்பைக் கட்டாயம் பிரித்துவிட வேண்டும். அது இணைப்பிலேயே இருந்தால் கசிவும் தொடரும்.

கருகிய பாயின்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புதிய பாயின்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய படலம் இருக்கும், அட்டையால் துடைத்த பிறகே பொருத்துங்கள். இடைவெளியை, அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் 0.4 மி.மீ. வையுங்கள். டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, அதற்குப் பிறகுதான் தொடவேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறந்து டைமிங்கும் நகர்ந்துவிடும். பிஸ்டன் உச்சிக்கு ஏறத்தாழ 3 மி.மீ. கீழே ஏறி வரும்போது பாயின்ட் திறக்கத் தொடங்கவேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் துல்லியமான அளவு இருக்கும். கண்ணால் குத்துமதிப்பாக வைக்காமல், பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே அதே பல்பை இணைத்து, சாவியைப் போட்டு, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை அணைந்திருக்கும் பல்பு, திறக்கும் நொடியில் எரியும். ஒவ்வொரு சுற்றிலும் அது வெவ்வேறு இடத்தில் எரிந்தால், அல்லது இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறினால், கிராங்க் பேரிங் ஆடுகிறது. அதற்கும், முன்பு சொன்ன பிஸ்டன் பிடிப்புக்கும் மட்டும் என்ஜினைப் பிரிக்கச் சம்மதியுங்கள்.

இதையெல்லாம் முடித்ததும், அதே சிறுமலை ஏற்றத்துக்கு, அதே வெயில் நேரத்தில் ஓட்டிக்கொண்டு போங்கள். பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றும் நல்லவையாகவே இருக்கக்கூடும்.