8 கோர் இருக்கு, 7 கோர் வேடிக்கை பாக்குது

கேள்வி: 8 கோர் இருக்கற லேப்டாப் வாங்கினேன், ஆனா நான் எழுதின சி ப்ரோக்ராம் பழைய மெஷின்ல எடுத்துக்கிட்ட அதே நேரத்தத்தான் எடுக்குது. கம்பைலர் தானா வேலைய பிரிச்சுக் குடுக்காதா?

பதில்: குடுக்காதுங்க. கோர்னா தனியா கணக்கு போடற ஒரு மூளை, கம்பைலர்னா நீங்க எழுதினத மெஷின் மொழிக்கு மாத்தற ப்ரோக்ராம். டாஸ்க் மேனேஜர தொறந்து பாருங்க, ஒரு கோர் மட்டும் மாடா உழைச்சுட்டு இருக்கும். ஜிசிசி மாதிரி கம்பைலர்ல, லூப்ப (திரும்பத் திரும்ப ஓடற துண்ட) த்ரெட்டா (ஒரே நேரத்துல ஓடற தனித்தனி பங்கா) பிரின்னு நீங்க தனியா கேட்டாதான் அது முயற்சியே பண்ணும், கேட்டாலும் பாதி நேரம் கைவிரிச்சுடும். பிரிக்கத் தெரியாம இல்ல, பிரிச்சா விடை மாறிடுமோங்கற பயம்தான்.

ஒரு லூப்ல பி அரேயையும் (அரேன்னா வரிசையா அடுக்கின எண்கள்) சி அரேயையும் இடத்துக்கு இடம் கூட்டி ஏ அரேல போடறீங்கன்னு வைங்க, எந்த வரிசைல கூட்டினாலும் விடை ஒண்ணுதான், 8 பேருக்கும் பங்கு போட்டுடலாம். அதுவே ஏ-வோட முந்தின இடத்துல இருக்கறத எடுத்து அதோட பி-ய கூட்டி அடுத்த இடத்துல போடணும்னா, 5-வது முடியாம 6-வது எப்படி தொடங்கும்? இதுக்குப் பேரு டிபெண்டன்ஸ். அது இல்லவே இல்லன்னு நிரூபிச்ச பிறகுதான் கம்பைலர் கை வைக்கும். நீங்க பாயிண்டர் (மெமரில ஒரு இடத்தோட முகவரி) வச்சு எழுதியிருந்தா இன்னும் மோசம், ரெண்டு பாயிண்டரும் ஒரே மெமரியக் காட்டுனாலும் காட்டலாமேன்னு சந்தேகப்பட்டு அப்படியே விட்டுடும் (இந்த சந்தேகத்த தீர்க்கத்தான் 1999 சி ஸ்டாண்டர்டுல ரெஸ்ட்ரிக்ட்னு ஒரு வார்த்தைய சேர்த்தாங்க). உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச லூப்னா ஓப்பன்எம்பி ப்ராக்மா (இந்த லூப்ப பிரிச்சு ஓட்டுன்னு கம்பைலருக்கு சொல்ற குறிப்பு) ஒரு வரி போட்டுப் பாருங்க. தப்பாப் போனா பழி உங்க மேலதான், அதையும் சொல்லிடறேன்.

கேள்வி: இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் யார் பிள்ளையார் சுழி போட்டாங்க?

பதில்: ஒருத்தரச் சொல்லி முடிக்க முடியாது, ஆனா ஒரே ஒரு பேர்தான் சொல்லணும்னா நான் ஃபிரான்சிஸ் ஆலனத்தான் சொல்வேன். நியூயார்க் மாநிலத்துல பெருன்னு ஒரு ஊர்ல பண்ணைல வளர்ந்தவங்க, கணக்கு டீச்சர். படிச்ச கடன அடைச்சுட்டு மறுபடி பாடம் எடுக்கப் போயிடலாம்னு 1957-ல ஐபிஎம்ல சேர்ந்தாங்க, சேர்ந்தவங்க 2002 வரைக்கும் அங்கதான். முதல் வேலையே அங்க இருந்த விஞ்ஞானிங்களுக்கு அந்த வருஷம்தான் வெளிவந்திருந்த ஃபோர்ட்ரான்ங்கற ப்ரோக்ராம் மொழிய சொல்லித்தர்றது, கம்பைலர் எழுதுற ப்ரோக்ராம் கோடு, மனுஷங்க கையால எழுதற அசெம்பிளி (மெஷின் மொழிக்கு ரொம்ப நெருக்கமான மொழி) அளவுக்கு வேகமா ஓடும்னு அவங்கள்ல நெறைய பேர் நம்பவே இல்ல.

அப்புறம் ஸ்ட்ரெட்ச்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட். ஐபிஎம் 704 மெஷின விட 100 மடங்கு வேகம்னு சொல்லி ஆரம்பிச்சாங்க, வந்து சேர்ந்தது சுமார் 30 மடங்கு, விலைய ஏறக்குறைய பாதியா கொறைக்க வேண்டியதாப் போச்சு. ஒரே நேரத்துல பல வேலை செய்யற மெஷினுக்கு ஏத்த மாதிரி கோட மாத்திக் குடுக்கற கம்பைலர் எவ்வளவு கஷ்டம்னு ஆலன் கத்துக்கிட்டது அங்கதான்.

அவங்க செஞ்ச பெரிய காரியம்னு நான் நெனைக்கறது, ப்ரோக்ராம வரி வரியா படிக்காம ஒரு ரூட் மேப்பா வரைஞ்சு பாத்தது. எந்தத் துண்டுலேர்ந்து எந்தத் துண்டுக்குப் போகலாம், எங்க சுத்தி திரும்பி வருதுன்னு அம்புக்குறி போட்டுட்டா, இந்தக் கணக்கு ஒவ்வொரு சுத்துக்கும் மாறல, லூப்புக்கு வெளிய தூக்கிப் போடுன்னு கம்பைலரே முடிவெடுக்கலாம். 1970-ல இத கட்டுரையா எழுதினாங்க, இன்னிக்கும் எந்த கம்பைலரத் தொறந்தாலும் உள்ள அந்த மேப் இருக்கும். 1980-கள்ல பிட்ரான்னு ஒரு ப்ராஜெக்ட நடத்தினாங்க, சாதாரண ஃபோர்ட்ரான் ப்ரோக்ராம தானாவே பேரலலா (ஒரே நேரத்துல பல ப்ராசசர்ல ஓடற மாதிரி) மாத்தற முயற்சி. எந்தப் ப்ரோக்ராம குடுத்தாலும் பிரிச்சுடுங்கற கனவு இன்னும் கனவாத்தான் இருக்கு. ஆனா அதே காலத்துல, அந்தக் குழு ஆளுங்களும் சேர்ந்து ஐபிஎம்ல உருவாக்குன எஸ்எஸ்ஏ-ங்கற வடிவம்தான் (ஒரு வேரியபிளுக்கு ஒரு தடவைதான் மதிப்பு குடுக்கணும்) இப்ப ஜிசிசி, எல்எல்விஎம்ங்கற ரெண்டு கம்பைலருக்கும் முதுகெலும்பு. கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது, 2006-க்கானது, ஆலனுக்குக் கெடச்சுது, அத வாங்கின முதல் பெண் அவங்கதான். 1966-லேர்ந்து குடுக்கற விருதுங்க அது.

கேள்வி: ப்ரோக்ராம்ல 90 சதவீதம் பிரிக்க முடியும்னா 8 கோர்ல 8 மடங்கு வேகம் கிட்டத்தட்ட வந்துடும்தானே?

பதில்: பாதிய விட கொஞ்சம் அதிகம் வரும், அவ்ளோதான். 100 நிமிஷ வேலைல 10 நிமிஷத்த பிரிக்க முடியாது, மிச்ச 90-ஐ எட்டா பிரிச்சா 11.25, மொத்தம் 21.25 நிமிஷம், அதாவது 4.7 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் அந்த 10 நிமிஷம் நகராது, 10 மடங்கத் தாண்டவே முடியாது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் இத 1967-லயே சொல்லிட்டாரு.

கேள்வி: நெறைய தசம எண்கள பேரலலா கூட்டினேன், ஓட்டுற தடவைக்கெல்லாம் கடைசி இலக்கம் மாறுது. கம்பைலர்ல ஏதாவது பிழையா?

பதில்: இல்ல. 1-க்குப் பின்னாடி 20 சைபர் போட்ட எண்ணையும் அதோட மைனஸையும் மொதல்ல கூட்டி அப்புறம் 1 சேர்த்தா விடை 1. பெரிய எண்ணோட 1-ஐ மொதல்ல சேர்த்தா டபுள்ங்கற தசம எண் வகைல அந்த 1 காணாமப் போயிடும், அப்புறம் மைனஸ சேர்த்தா விடை 0. த்ரெட்டுங்க எந்த வரிசைல வந்து சேருதோ அதப் பொறுத்து ரவுண்டிங் (கொள்ளாத இலக்கத்த வெட்டி சரிக்கட்டறது) மாறுது. மாறக்கூடாதுன்னா கூட்டுற வரிசைய நீங்களே கட்டிப் போடுங்க, கொஞ்சம் வேகம் போகும்.