வீட்டுக் கார் ஷெட்டில் கிட் விமானம் கட்ட ஆரம்பிக்கலாமா? இடமும் காசும் எவ்வளவு வேண்டும்?

கேட்டவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும், ஐடி சம்பளம் வரும், ஊரில் அப்பா கட்டிய வீட்டில் கார் நிற்காத ஷெட் ஒன்று சும்மா கிடக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாக ஆரம்பிக்கலாம் தம்பி. கிட் விமானம் என்றால் பாகங்களாக வாங்கி நாமே கூட்டிக் கட்டுவது. ஆனால் இடத்தையும் காசையும் கேட்டீர்கள், தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பிடிக்க ஆள் உண்டா என்பதைக் கேட்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நான் வளைகுடாவில் விமானப் பராமரிப்பு ஹேங்கரில் தகட்டு வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன். பைலட் இல்லை, பொறியியல் பட்டமும் கிடையாது. நானே சொல்லிவிட்டேன், பின்னூட்டத்தில் கண்டுபிடித்துச் சொல்ல யாரும் சிரமப்பட வேண்டாம். இரண்டு பேர் உட்காரும் உலோக விமானம் ஒன்றின் வால்பகுதி முழுதும் முடிந்து என் ஷெட் சுவரில் தொங்குகிறது. இறக்கை கிட் இன்னும் வாங்கவில்லை. எங்கள் தெருவில் கேட்பார்கள்: "அண்ணாச்சி, வாலு வந்துட்டு, குரங்கு எப்ப வரும்?"

வாலில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த கிட்டுகளை வால், இறக்கை, உடல் என்று தனித்தனியாக வாங்கலாம். எஞ்சின், புரொபெல்லர், மீட்டர்கள் எல்லாம் வேறு கணக்கு. வால் சின்னது, விலையும் குறைவு. ஆனால் டிரில் போடுவது, பிசிறு எடுப்பது, டிம்பிள் அடிப்பது (ரிவெட் தலை தகட்டோடு சமமாகப் படிய ஓட்டையைச் சுற்றிக் குழி போடுவது), பிரைமர் என்கிற அடிப்பூச்சு, தகடுகளை இணைக்கிற ஆணியான ரிவெட் என்று பின்னால் வரப்போகும் வேலை அத்தனையும் அதிலேயே பழகிவிடும். ஒத்துவரவில்லை என்றால் நஷ்டம் வாலோடு போகும். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். இந்தத் துறையின் பெரிய பெயரான அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் சட்டப் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் மீண்டு வந்தார்கள், அது வேறு.

இடத்துக்கு வருகிறேன். வேன்ஸின் இரண்டு பேர் விமானம் ஆர்வி-7 இருக்கிறதே, நீளம் 20 அடி சொச்சம், இறக்கை விரித்தால் 25 அடி. இறக்கைகளைத் தனித்தனியாகக் கட்டி ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம், ஏரோட்ரோமில் போய்த்தான் மாட்டுவார்கள். ஆகவே ஒரு கார் ஷெட் நெருக்கடியாக இருந்தாலும் முடியாதது இல்லை. எனக்குத் தொல்லை கொடுத்தது காற்றுதான். ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் பிரைமர் அடித்தால் புழுதியும் சேர்ந்து ஒட்டும். அந்த மாதங்களில் டிரில், பிசிறு எடுக்கிற வேலையோடு நிறுத்திக்கொள்வேன். மேசைமேல் பத்தமடைப் பாயை விரித்துக்கொண்டேன். தகட்டின் மேல்பூச்சு சுத்த அலுமினியம், கீறல் விழுந்தால் உலோகத்தை அரிப்பு பிடிக்க அங்கே வழி கிடைத்துவிடும். ஆனால் பாயில் உலோகத் துகள் மாட்டிக்கொள்ளும், தினமும் உதற வேண்டும்.

இப்போது ரிவெட். ஒருவர் ரிவெட் கன்னை ரிவெட்டின் தலைமேல் வைத்து அடிக்க, இன்னொருவர் மறுபக்கம் பக்கிங் பார் என்கிற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நசுங்கி உருவாகும் தலை, ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் வர வேண்டும். ஓரங்களை ஸ்க்வீசர் என்கிற, இரண்டு பக்கமும் அழுத்துகிற கருவியால் ஒற்றை ஆளே முடித்துவிடலாம், நடுத்தகட்டுக்கு இரண்டாவது கை இல்லாமல் முடியாது. மச்சினனைக் கூப்பிட்டேன், இன்ஜினியரிங் படித்தவன். கன் சத்தத்துக்கு மிரண்டு கட்டையை நழுவவிட்டுத் தகட்டில் ஒரு பள்ளம் வைத்துவிட்டுப் போனான். கடைசியில் என் மனைவிதான் வந்தாள். அவள் கை சின்னது, எலிவேட்டரின் (வாலில் மேலும் கீழும் அசையும் தகட்டுப் பகுதி) பின்பக்கம் குறுகிப்போகிற இடத்துக்குள் லகுவாகப் போகும். கொஞ்ச காலத்தில், "ஏங்க, இது சாஞ்சிட்டு, சத்தத்துலயே தெரியுதுல்லா" என்று எனக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ரிவெட்டைத் துளைத்து எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. ஹேங்கரில் ஊறிய எனக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது. அப்படி ஆள் அமையாது என்றால் ஆர்வி-12 மாதிரி பெரும்பாலும் பாப் ரிவெட்டில் (ஒரே பக்கத்திலிருந்து இழுத்துப் பூட்டுகிற ரிவெட்) ஓடுகிற கிட்டைப் பாருங்கள், தனியாகவே செய்யலாம்.

வால் கிட் பெட்டி வந்த கதையையும் சொல்ல வேண்டும். அன்று முகூர்த்த நாள். எங்கள் எதிரே ஒரு கல்யாண மண்டபம். என் கேட்டை மறித்து வரிசையாக பைக், அதற்கு வெளியே இரண்டு வேன். லாரிக்காரர் இறக்க மாட்டேன் என்கிறார், வண்டிக்காரன் எவன் என்றும் தெரியவில்லை. மண்டபத்தில் கேட்டால், "ஒரு நாளுதான அண்ணாச்சி, பொறுத்துக்கிடுங்க" என்கிறார்கள். ஆவணியிலும் தையிலும் வந்து பாருங்கள், அது எத்தனை ஒரு நாள் என்று. லட்சக்கணக்கில் வாடகை வாங்குகிறவன் வண்டி நிறுத்த நாலு சென்ட் ஒதுக்க மாட்டானாம். என் ரிவெட் கன் சத்தம் பெரிசு என்று பகலில் புகார் கொடுத்ததும் அதே மண்டபத்து ஆள்தான், அவன் வைக்கிற செண்டைமேளம் சத்தத்தில் சேராது போல. சரி, அதை விடுவோம்.

"இதைப் பறக்க விடுவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு: அனுமதி இல்லாமல் பறப்பேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. கிட் ஆர்டர் போடுவதற்கு முன்பே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்கு எழுதுங்கள், படிப்படியாகப் புகைப்படத்தோடு வேலைக் குறிப்பு வையுங்கள். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் சொந்த வடிவமைப்பில் ஆறு பேர் விமானமே கட்டினார். 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார், பதிவு கிடைத்தது 2017இல், பறந்து பார்க்க அனுமதி 2019இல். அவ்வளவு காலம் காகிதத்தோடு மல்லுக்கட்ட உங்களால் முடியுமா என்று பாருங்கள். நம்ம பக்கத்து வானமும் லேசுப்பட்டது இல்லை. கூடங்குளம் அணு உலை, மகேந்திரகிரி இஸ்ரோ, விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன. இஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது.

முதலில் வாங்க வேண்டியது பயிற்சி கிட், சின்னப் பெட்டி ஒன்றோ சின்ன இறக்கைத் துண்டோ செய்கிற மாதிரி கிடைக்கிறது. அதில் தப்பாகப் போன ரிவெட்டைத் தகடு கெடாமல் கழற்றப் பழகிய பிறகு வால் கிட்டுக்குப் பணம் கட்டலாம். என் வாலைப் பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டைப் பக்கம் வரும்போது செய்தி போடுங்கள். தொடுவதற்கு முன்னால் மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.