பதில்: மாதிரித் துணி அறையில் பூஞ்சை வாடை

வணக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆபீஸ் ஏர்கானை 25 டிகிரியில் வைத்து, இரவு 7 மணிக்கு அணைக்கத் தொடங்கியதும் ஆர்கானிக் பருத்தி மாதிரிகளில் பூஞ்சை வருவதாகக் கேட்டிருந்தீர்கள்.

25 நல்ல முடிவு, மாற்றாதீர்கள். சிக்கல் இரவில்தான். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். பருத்தி அதை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் அவ்வளவாக உறிஞ்சாது. வெளுக்காத நெசவுத்துணி இன்னும் மோசம், நெய்யும்போது நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும், அதுவே பூஞ்சைக்குத் தீனி.

மாதிரி அறைக்கு மட்டும் கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் கருவி) வாங்கி, ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். தொட்டி நிறைந்தால் தானாக நின்றுவிடும். வெள்ளி இரவு நின்றால் திங்கள் காலை வரை அறை ஈரம்தான். அதனால் கண்டிப்பாக வடிகுழாய் மாட்டி சிங்க்குக்கு விடுங்கள். ஈரப்பதமானியை மேஜைமேல் வைக்காமல் ரேக்கின் அடித்தட்டில், பின்பக்கம் வையுங்கள். பூஞ்சை முதலில் வருவது அங்கேதான்.

ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காடாத்துணிப் பை போதும்.

பூஞ்சை பிடித்ததை வெளியே கொண்டுபோய், காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டித் துவையுங்கள். இயற்கைச் சாயத் துணி என்றால் நிழலில் காயவையுங்கள், குளோரின் படவே கூடாது.