முப்பது பக்கத்தில் மூடிவைத்த பிள்ளைக்கு அடுத்து எந்தப் புத்தகம்?

கேள்வி: மகன் ஒன்பதாம் தரம், தமிழ்மொழி மூலம். போனில் ரோபோப் படம், விண்வெளிப் படம் என்றால் விடிய விடியப் பார்ப்பான். வாசிக்கட்டும் என்று ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முப்பது பக்கத்தோடு மூடிவிட்டான். அறிவியல் கதை, மாயக்கதை என்று என்ன கொடுக்கலாம்? மந்திரக் கதை வாசித்தால் படிப்புக் கெட்டுப்போகும் என்கிறார் இவர்.
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: உங்கள் மகனில் பிழையில்லை. நீங்கள் கொடுத்தது உங்களுக்குப் பிடித்த புத்தகம்.

முதலில் அவனிடம் ஒன்று கேளுங்கள்: எந்தப் படத்தை இரண்டு தரம் பார்த்தாய், அதில் எந்த இடம் பிடித்தது? நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதைத்தான். "அந்த மெஷின் எப்படி வேலை செய்யுது" என்று தொடங்குகிற பிள்ளைக்கு அறிவியல் கதை. "அந்த ஊரில போய் இருக்கோணும் போல" என்று சொல்கிற பிள்ளைக்கு மாயக்கதை. வயதைப் பார்த்துக் கொடுப்பதைவிட இது பலிக்கிறது.

ரோபோ என்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. யார் பிள்ளை பெறலாம், எத்தனை வயதுவரை உயிரோடு இருக்கலாம் என்பதையெல்லாம் அரசே முடிவுசெய்யும் ஒரு நாடு. காணாமற்போன கணவனைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். வாய்க்காரன், புத்தகமும் வாசிப்பான். பிள்ளைகள் அந்த நாய்க்காகவே வாசிக்கிறார்கள், அரசியல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. சென்னைப் பேச்சில் சில சொற்கள் நம் பிள்ளைகளுக்கு இடறும். நிறுத்தி விளக்கப் போகாதீர்கள், கதை இழுத்துக்கொண்டு போய்விடும். முடித்துவிட்டுக் கேட்டால் 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. ஆனால் சுஜாதாவின் அறிவியல் சிறுகதைகள் எல்லாமே பிள்ளைகளுக்காக எழுதியவை அல்ல. நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நீளத்தைக் கண்டு பயப்படுகிறவன் என்றால் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. சிறுவர் இதழில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும்.

அடுத்தது நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். ஆங்கில அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். போர்த்துக்கேயர் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் எச்சங்களைச் சுவாமி மலையடிக் கடலில் சுழியோடிப் பார்த்து எழுதியவரும் அவர்தான். 1979இல் வந்த அவருடைய நாவலொன்றில் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் போகிறது, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு. அந்த மலை நம் சிவனொளிபாதமலையை வைத்து எழுதியது. ஒரு வேடிக்கை: கதைக்காக இலங்கையையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டார். ஏன் நகர்த்தினார் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். பூமியோடு ஒரே வேகத்தில் சுற்றி, எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் செய்மதியின் பாதை பூமத்திய ரேகைக்கு நேர்மேலேதான் இருக்க முடியும். லிப்டின் கயிற்றைப் பிடிக்க அது வேண்டும். இதை அவனே கண்டுபிடித்தால் அடுத்த புத்தகத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை. நாவலின் ஆங்கிலம் இப்போதைக்குப் பாரம், ஓ.எல். பரீட்சை முடியட்டும். அவரே சிறுவர்களுக்கு எழுதிய 'டொல்பின் ஐலண்ட்' (1963) இலகுவானது: கடலில் தத்தளிக்கும் பையனை டொல்பின்கள் தள்ளிக்கொண்டுபோய்த் தீவில் சேர்க்கின்றன. உப்புவெளிப் பிள்ளைக்கு அந்தக் கடலைப் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

இனி உங்கள் கணவரின் பயம். கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின, சுவாமி மலையை இராவணன் வாளால் வெட்டினான், கன்னியாவில் வெந்நீர் அவனால்தான் வந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாருக்குப் படிப்புக் கெட்டது? நல்ல மாயக்கதையில் மந்திரத்துக்கும் சட்டம் உண்டு. எர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதை ஆளலாம். செருக்கில் சட்டத்தை மீறுகிற பையன் தான் கிளப்பிவிட்ட நிழலுக்கே அஞ்சி ஓடுகிறான். முழுக்கத் தீவுகளும் வள்ளங்களும். நாயகனின் நிறமும் நம்முடையதுதான். ஆங்கிலம் ஓரளவு ஓடுமென்றால் முதல் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள். வரிசை முழுவதையும் வாங்கி அடுக்கினால் பிள்ளை எண்ணிப் பார்த்தே களைத்துவிடுவான். மந்திரத்தால் எதுவும் எந்த விலையுமின்றி நடக்கிற கதை என்றால் விட்டுவிடலாம்; சலிப்புத்தான் மிஞ்சும்.

எப்போதும் இரண்டு புத்தகமாகக் கொடுங்கள், ஒன்றைத் தள்ள அவனுக்கு இடமிருக்கட்டும். நாற்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் மூடலாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு "என்ன விளங்கினது" என்று பரீட்சை வைக்காதீர்கள். போனைப் பறித்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் திணிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை ரியூசன் முடிந்து வரும்போது மேசையில் கிடந்தால் போதும்.