கொம்பனும் செம்பனும்: தென்னை வண்டு கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு. இரண்டில் எது மோசம் அண்ணா?

பதில்: மரத்தைக் கொல்வது கூன்வண்டு, அதற்கு வழி விடுவது காண்டாமிருக வண்டு. பாலக்காட்டுப் பக்கம் செம்பன் செல்லி, கொம்பன் செல்லி என்பார்களே, அவைதான். கொம்பனில் வளர்ந்த வண்டு மட்டும் மரமேறும். விரியாத குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். பிறகு ஓலை விரியும்போது கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போலிருக்கும். அதன் புழுவுக்குப் பச்சை மரம் வேண்டாம், எருக்குழியும் மக்கிய தடியும் போதும். செம்பன் அப்படியில்லை. காயம் பார்த்து முட்டையிடும், கொம்பன் போட்ட ஓட்டை என்றாலும் சரி. காலில்லாத அதன் புழு தண்டுக்குள்ளேயே தின்று வளரும். ஓட்டையில் பழுப்புச் சாறு வடிந்து, மென்ற நார் வெளியே தள்ளியிருந்தால் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருபது வயதுக்கு உட்பட்ட மரங்களில்தான் இது அதிகம். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள், 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு.

பதில்: ஆறு கால் இருந்து, வளைந்து கிடந்தால் பெரும்பாலும் கொம்பன் புழுதான். குழியைக் கிளறிக் கோழியை விடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஈரம் காயாமல் பாருங்கள். செத்த புழு மேல் பச்சைப் பொடி பூத்தால் வேலை நடக்கிறது.

கோபாலபுரம் வாசகர்: வீட்டு அரிசியில் மூக்கு நீண்ட வண்டு?

பதில்: செம்பனுக்குத் தூரத்து உறவு. ஆனால் இங்கே தென்னை மட்டும்.

வண்ணாமடை வாசகர்: இரண்டில் எது மோசம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மட்டையை ஒட்ட வெட்டாதீர்கள்.

சித்தூர் வாசகர்: பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம், வாசனையால் வண்டை இழுத்து வாளியில் பிடிக்கும் கவர்ச்சிப் பொறி வைத்தார். அதிலிருந்து என் கன்றுகளில் செம்பன்.

சித்தூர், இன்னொருவர்: அந்தப் பக்கத்துத் தோட்டம் என்னுடையதுதான். வாளியில் தினமும் வண்டு விழுகிறது. நான் பிடிக்காவிட்டால் அதெல்லாம் எங்கே போயிருக்கும்?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாசனைக்கு வரும் வண்டெல்லாம் வாளியில் விழாது. தப்பியது பக்கத்தில் காயம்பட்ட மரத்தைத் தேடும். அதனால் இளங்கன்று ஓரம் பொறி ஆகாது.

சித்தூர், முதலாமவர்: அப்போ எடுக்கச் சொல்லுங்கள்!

பதில்: எடுக்க வேண்டாம், நகர்த்தட்டும். நீங்களும் ஒன்று வையுங்கள். ஊரே சேர்ந்து வைத்தால்தான் பலன். செம்பனுக்கான வாசனைப் பொட்டலத்துக்குக் கொம்பன் வராது, கேட்டு வாங்குங்கள். வாளித் தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டும் ஏறிப் பறந்துவிடும்.

சித்தூர், இரண்டாமவர்: நகர்த்துகிற கூலி யார் தருவது?

பதில்: அது வண்டுக் கேள்வி இல்லை. அடுத்தவர் கேளுங்கள்.