லுங்கிச் சதுரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்புப் பெண்கள் 24 பேர் சேர்ந்து ஒட்டுத்துணியில் ஒரு பெரிய போர்வை செய்ய முடிவெடுத்தோம். தலைப்பு 'வீடு'. ஆளுக்கு ஓரடிச் சதுரம் ஒன்றை அவரவர் வீட்டிலேயே தைத்துக் கொடுத்துவிட வேண்டும். பிறகு டெய்லரிடம் கொடுத்து எல்லாவற்றையும் இணைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதாகத் திட்டம்.

வந்து சேர்ந்தவற்றில் 17 சதுரங்களில் ஓட்டு வீடு, தென்னை மரம், வாசலில் கோலம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு ஏனோ நிறைவில்லை. எங்களில் ஒருவர்கூட இன்று ஓட்டு வீட்டில் இல்லை. ஒரு பெரியம்மா மட்டும் நீலக் கட்டம்போட்ட பழைய லுங்கி ஒன்றை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். படமும் இல்லை, பூவேலையும் இல்லை. நடுவில் பீடி சுட்ட ஓட்டை வேறு. அதைச் சேர்க்கக் கூடாது என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவரிடம் வேறு சதுரம் கேட்பதா? பலர் சேர்ந்து இப்படிச் செய்வதைக் கலை என்று சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பெரியம்மாவிடம் வேறு கேட்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் இடம். அங்கே இருப்பவர்கள் பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வம்சம். ஊரில் பலருக்கும் பெட்வே என்றே குடும்பப் பெயர், அது அவர்களை வைத்திருந்த முதலாளியின் பெயர். விடுதலைக்குப் பிறகும் அதே மண்ணில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள். 1932-இல், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, அவர் மனைவி ஆட்களை அனுப்பி மாடு, ஏர், தானியம் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் கடனுக்காக வாரிக்கொண்டு போனார். இடுக்கு விட்ட மரப்பலகை வீடுகள், குளிர் காற்று உள்ளே வரும். சுவரில் செய்தித்தாளை ஒட்டினார்கள். படுக்கையில் பழந்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த குயில்ட்களை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டார்கள்.

இந்தப் போர்வைகள்தான் 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. ஆகவே, கலையா இல்லையா என்ற கேள்விக்கு நான் புதிதாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தைத்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை, குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்த வேண்டியிருந்தது.

அவர்களிடம் ஒரு வடிவம் இருக்கிறது. பெயரே 'வீட்டுக்கூரை'. ஆனால் அதில் கூரை படமாக இருக்காது. நடுவில் ஒரு துண்டு, அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் இன்னொன்று, இப்படிச் சுற்றிச் சுற்றி வளரும். கையில் இருக்கும் துணி தீர்ந்தால் வேறு நிறம் வரும், பட்டை கோணலாக இருந்தால் அடுத்த சுற்றும் கோணலாகும். நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்த கூரை போலவும் இருக்கும், ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போலவும் இருக்கும்.

மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்த போர்வை ஒன்று. கணவர் இறந்ததும் அவருடைய வேலைத் துணிகளை எல்லாம் எடுத்துப் பிரித்தார். அதை ஒரு போர்வையாக்கி, அவர் நினைவாக, அன்புக்காக அதன் அடியில் படுத்துக்கொள்வேன் என்று அம்மா சொன்னதாக மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். படத்தை உற்றுப் பார்த்தால் வெளுத்த நீலமும் சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள். வயலில் வெயிலும் துவைப்பும் தின்ற துணி. அதில் வீடு என்று எதையும் வரையவில்லை. அந்த ஆளின் உடம்பு பட்ட துணி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பெரியம்மாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

ஓட்டு வீடும் தென்னையும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 'வீடு' என்றதும் கை தானாகப் போடும் படம் அது, ஒன்றாம் வகுப்பிலேயே பழகிவிட்டோம். படமாகத் தைக்கவே கூடாது என்றும் இல்லை. சிலியில் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு, காணாமல் போனவர்களின் மனைவியரும் தாய்மாரும் சாந்தியாகோவில் தேவாலயத்தின் ஆதரவில் கூடி உட்கார்ந்து, சாக்குத்துணியில் கந்தல் துண்டுகளை வைத்து அப்படியே படம் படமாகத் தைத்தார்கள். பின்னால் ஆந்திஸ் மலை, முன்னால் சின்னச் சின்ன வீடு, தெருவில் பொதுக் கஞ்சிப்பானை. அர்ப்பியெரா என்று பெயர். பார்க்கக் குழந்தைத்தனமாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஆள் குறைகிறது. உங்கள் 17 வீடுகளில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. உங்களுக்கு நிறைவில்லாமல் போனது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, எனக்கு உண்மையில் உறுத்துவது லுங்கி இல்லை, டெய்லர்தான்.

ஜீஸ் பெண்ட்டில் மேல்துணியை ஒரு பெண் தனியாகத்தான் ஒட்டுப்போடுவாள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பது அவள் இஷ்டம், யாரும் மூக்கை நுழைப்பதில்லை. அதன் பிறகு மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நாலு பக்கமும் உட்கார்ந்து மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். பாட்டு, வம்பு, ஜெபம் எல்லாம் அங்கேதான். நீங்களோ தனியாகச் செய்வதைச் செய்துவிட்டு, கூடிச் செய்வதை மிஷினுக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

எங்கள் வீட்டில், அக்காவின் பிரசவத்துக்கு முன்னால் பழைய நூல்புடவைகளை நாலு மடிப்பாகப் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தைத்தார்கள். அத்தை ஒரு மூலையில், பக்கத்து வீட்டு மாமி எதிர் மூலையில். அத்தையின் தையல் ஒவ்வொன்றும் விரல்கடை நீளம், எதிலும் அவசரம். மாமியுடையது அரிசி மணி போல. நடுவில் இரண்டும் சந்தித்த இடத்தில் அத்தையின் தையல் கொஞ்சம் சிறுத்து, மாமியுடையது கொஞ்சம் நீண்டிருக்கும். சின்ன வயதில் நான் விரலால் தடவித் தடவி யார் எதுவரை தைத்தார்கள் என்று கண்டுபிடிப்பேன். மாமியிடம் மூன்று மாத வாடகைத் தகராறு வந்தபோதும் அந்த விரிப்பு வீட்டில் இருந்தது. கடைசியில் கரித்துணியாகி அடுப்படியில் முடிந்தது. அதை யாரும் கண்ணாடிக்குள் வைக்க நினைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வீடு என்றால் அந்த இரண்டு தையலும் சந்தித்த இடம்தான்.

ஜீஸ் பெண்ட்டின் பக்கத்தில் 1966-இல் பெண்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள், நாலு காசு பார்க்க. பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே நேர்த்தி வேண்டும் என்றன. 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்கு கார்டுராய் (வரிவரியாக மேடுபட்ட தடித்த துணி) தலையணை உறைகள் தைத்தார்கள். ஆர்டருக்குப் போனது ஒழுங்காகப் போனது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கும் சில அபாரமான போர்வைகள் அந்த மிச்சத்தில் பிறந்தவைதான். ஒரே அளவுச் சதுரம் கேட்கும் எந்தக் குழுவைப் பார்த்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது (உங்களையும் சேர்த்துத்தான், கோபிக்க வேண்டாம்).

24 சதுரம் என்றால் ஆறுக்கு நாலு. ஒரு பழைய கயிற்றுக் கட்டிலின் கயிற்றைக் கழற்றினால் சட்டம் தயார். அடியில் ஒரு நூல்புடவை, நடுவில் பழைய போர்வை, மேலே உங்கள் சதுரங்கள். தடித்த நூலில் வெறும் ஓட்டுத் தையல் போதும், ஊசி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் போடலாம். எட்டு எட்டுப் பேராக உட்காருங்கள். ஞாயிறு மாலையில் மொட்டைமாடியில் வைத்துக்கொண்டால் யாருக்கும் சாக்கு சொல்ல முடியாது.

லுங்கியைத் தயவுசெய்து நடுவில் வைத்துவிடாதீர்கள், காட்சிப்பொருளாகிவிடும். பெரியம்மா எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அந்த ஓரத்தில் இருக்கட்டும். பீடி ஓட்டையையும் அடைக்க வேண்டாம், கிழிசல் பெருகாமல் அதன் விளிம்பைச் சுற்றி நாலு தையல் போட்டால் போதும். அதை அவரே போடட்டும். அந்தப் பீடி யாருடையது என்று நீங்கள் கேட்காவிட்டாலும், பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் யாராவது கேட்பார்கள்.